மௌத்து வீடும் வேடிக்கைத் திடலும்

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை அளந்தறிய விரும்புகிறவர் அதன் கல்யாண வீட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை, மௌத்து வீட்டுக்குச் சென்றால் போதும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கல்யாண வீட்டில் எல்லாருக்கும் பேசத் தெரியும். மௌத்து வீட்டில் எதைப் பேசுவது, எதைப் பேசாமல் விடுவது, எவ்வளவு நேரம் அமர்வது, எப்போது எழுந்து வருவது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்தவர்களுக்கே கைகூடும்.

நம் ஊர்களில் இதற்கு எழுதாச் சட்டம் ஒன்று உண்டு. அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அண்டை வீட்டார் சோறாக்கி அனுப்புவார்கள். ஸலாம் சொல்லி உள்ளே வருகிறவர், "எப்படி நேர்ந்தது? எத்தனை மணிக்கு? யார் பக்கத்தில் இருந்தார்கள்?" என்று துருவிக் கேட்க மாட்டார். இறந்தவருடைய நற்குணம் ஒன்றைச் சொல்வார், இருப்பவர்களின் பொறுமைக்காக துஆச் செய்வார், எழுந்துவிடுவார். மூன்று நாள் இவ்வாறு கழியும். அதன் பிறகே கேள்விகள் வரும். வைத்தியத்தில் குறை நேர்ந்ததா, வாரிசுகளுக்குச் சேர வேண்டியது சேர்ந்ததா, பிள்ளைகளின் படிப்புக்கு வழி என்ன என்பன போன்ற கேள்விகள் அவை. அக்கறையுள்ள உறவினர் அவற்றை ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார். முதலில் அடக்கம், பிறகு அயராத விசாரிப்பு. இதுவே மௌத்து வீட்டின் முறை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, 2025 நவம்பர் 21ஆம் நாள் துபாயில் நிகழ்ந்த ஒரு துயரத்தைப் பற்றி ஊரும் உலகமும் பேசிய பேச்சை மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விபத்தின் காரணத்தை ஆராய்வது நம் வேலையன்று. அதற்கென இந்திய விமானப்படை அன்றைக்கே விசாரணைக்கு உத்தரவிட்டது. நாம் ஆராய எடுத்துக்கொள்வது சொற்களை மட்டுமே.

அன்று வெள்ளிக்கிழமை, துபாய் விமானக் கண்காட்சியின் இறுதி நாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து அதிக நேரம் ஆகவில்லை. பிற்பகல் இரண்டு மணியைச் சற்றே கடந்த வேளையில், அல் மக்தூம் பன்னாட்டு விமான நிலையத்தின் மேலே இந்திய விமானப்படையின் தேஜஸ் போர் விமானம் சாகசம் காட்டிக்கொண்டிருந்தது. தாழ்வான உயரத்தில் புரண்டு திரும்பிய விமானம் மீண்டும் மேலெழவில்லை. தரையில் மோதித் தீப்பிழம்பாயிற்று. அதை ஓட்டிய விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவர் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தைச் சேர்ந்தவர். நம் கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்தில் பணியாற்றியவர். இரண்டு நாள் கழித்து அவருடைய உடல் சூலூருக்கு வந்து, அங்கிருந்து சொந்த ஊருக்குச் சென்றது.

வான் சாகசம் எத்தகைய தொழில் என்பதையும் நேயர்கள் ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். வானத்தில் உயரம் என்பது வணிகனின் கையிருப்பைப் போன்றது. உயரே பறக்கும்போது ஒரு பிழை நேர்ந்தால், கையிருப்பிலிருந்து கொஞ்சம் செலவிட்டு மீண்டுவிடலாம். கூட்டம் கண்டு மகிழ வேண்டும் என்பதற்காகத் தரையை ஒட்டிப் பறக்கிறவருக்கு அந்தக் கையிருப்பு இல்லை. இருக்கையோடு வெளியே வீசி உயிர் காக்கும் பொறி விமானத்தில் உண்டு. ஆனால் விமானம் மண்ணை நோக்கி விரைந்து இறங்கும்போது அது பயன்படுவதற்கான நேரம் நொடிகளாகச் சுருங்கிவிடுகிறது. வேடிக்கை பார்ப்பவனின் மகிழ்ச்சிக்கும் ஓட்டுகிறவனின் ஆபத்துக்கும் இடையிலுள்ள இந்த உறவை நாம் மறந்துவிடலாகாது.

துபாய் நம் குடும்பங்களுக்கு அந்நிய ஊர் அன்று. அண்ணனோ மகனோ மருமகனோ அங்கே இல்லாத வீடு நம் தெருக்களில் அரிது. ஆகவே செய்தித்தாள் வருவதற்கு முன்பே படம் வந்துவிட்டது. என் சகோதரி மகன் அங்கே வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய அந்தச் சிறு காட்சியை நான் ஒருமுறை பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். மூன்றாம் முறை பார்த்துவிட்டு, உறவினர் பதினெட்டுப் பேருக்கு அனுப்பிவைத்தேன். என்ன நோக்கத்தோடு அனுப்பினேன் என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. துக்கம் சொல்வதற்காக அனுப்பியதாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும். எனக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்ற பரபரப்பே என்னை ஆட்டியது.

அன்றிரவு என் ராத்தா தொலைபேசியில் அழைத்தார். மகன் துபாயில் இருப்பதால் பதறி அழைக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு: "தம்பி, அந்தப் பிள்ளையைப் பெத்தவங்க கண்ணுல இது படாதுன்னு நினைச்சா அனுப்புனே?" நான் வாயடைத்துப் போனேன். சில நாள் கழித்து நாளேடுகளில் வந்த ஒரு செய்தி என் வெட்கத்தைப் பெருக்கிற்று. மகனின் சாகசத்தைக் காணலாம் என்று காணொலியைத் தேடிய தந்தையின் கண்ணில், விமானம் விழுந்த செய்தியே பட்டதாம். நம்மைப் போன்ற ஆயிரமாயிரம் பேர் கைமாற்றிய காட்சிகளுக்கு நடுவேதான் அந்தத் தந்தை தம் மகனைத் தேடியிருக்கிறார். மௌத்து வீட்டின் முறைப்படி முதலில் அறிய வேண்டியவர்கள் பெற்றவர்கள். நாமோ அவர்களை முந்திக்கொண்டோம்.

இனி, மக்கள் பேசிய பேச்சைப் பார்ப்போம். அதை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை பெருமிதப் பேச்சு. வீரமரணம், தியாகம், தாய்நாட்டின் தவப்புதல்வன் என்ற சொற்கள் அன்று மாலைக்குள் நாடெங்கும் நிறைந்தன. படைவீரர் ஒருவருக்கு இச்சொற்கள் பொருந்தாதவை என்று யாரும் சொல்ல முடியாது. அவருடைய உழைப்பும் துணிவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஆனால் அதே பேச்சு, அடுத்த மூச்சில் அவரை விட்டுவிட்டு விமானத்தைப் பிடித்துக்கொண்டது. 2001ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்த தேஜஸ், 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே விழும்வரை ஒரு விபத்தையும் சந்திக்கவில்லை என்றும், அந்த விபத்தில்கூட விமானி உயிர் தப்பினார் என்றும் கணக்குகள் வந்தன. கணக்கு சரியே. ஆயினும் ஜனாஸா எடுக்கும் முன்னரே வாசலில் நின்று கணக்குப் படிப்பது எந்த ஊர் முறை? "தியாகம்" என்ற சொல்லுக்கு இன்னொரு தீங்கும் உண்டு. அதைச் சொன்னவுடன் கேள்விகள் நின்றுவிடுகின்றன. போர்க்களத்தில் பகைவனைத் தடுக்கப் போய் உயிர்விட்டவரின் மரணமும், கண்காட்சித் திடலில் வாங்குவோருக்கும் வேடிக்கை பார்ப்போருக்கும் முன் நேர்ந்த மரணமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டால், பின்னதை மீண்டும் நேராமல் தடுக்கும் வழியை யார் தேடுவார்கள்?

இரண்டாம் வகை ஏளனப் பேச்சு. விபத்துக்கு முன்பே இதே கண்காட்சியில் நின்றிருந்த தேஜஸ் விமானத்தின் அடியில் எண்ணெய் ஒழுகுவதாக ஒரு படம் பரவியது. அது எண்ணெய் அன்று, குளிர்ந்து சேர்ந்த நீரை வழக்கப்படி வெளியேற்றியதுதான் என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. மறுநாளே விமானம் விழவும், ஏளனம் செய்தவர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து கேலி வந்தது. உள்ளூரில் அரசியல் பகை தீர்த்துக்கொண்டவர்களும் இருந்தனர். எல்லைக்கு அப்பாலிருந்தே இரங்கல் சொற்களும் வந்தன என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். வானத்தில் பகைவராயினும் ஒரு விமானியின் மரணத்துக்கு வருந்துவோம் என்று சொன்ன குரல்கள் அவை. கேலிக்கு ஆயிரம் பங்கு கிடைத்த கவனத்தில் அவற்றுக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை. கேலி செய்தவர் நம்மைச் சினமூட்டினார். இரங்கியவர் நம்மிடம் எதையும் தூண்டவில்லை. ஆகவே சினமூட்டியவரையே நாம் மேடையேற்றினோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் பெருமிதமும் ஏளனமும் எதிரெதிர் முனைகள். உற்று நோக்கினால் இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. இரண்டுக்கும் அந்த மனிதர் ஒரு சாட்சிப் பொருளே. ஒருவர் விமானம் நல்லது என்று நிறுவவும், மற்றவர் விமானம் கெட்டது என்று நிறுவவும் அவரைப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாம் வகை வணிகப் பேச்சு. வார விடுமுறை கழிந்து திங்கட்கிழமை பங்குச் சந்தை திறந்தபோது, தேஜஸைத் தயாரிக்கும் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பங்கு விலை இறங்கியது. இப்போது வாங்கலாமா, விற்கலாமா என்ற ஆலோசனைகள் பத்தி பத்தியாக வந்தன. இதைக் குறை சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். விமானக் கண்காட்சி என்பதே ஒரு சந்தைதான். அங்கே சாகசம் காட்டுவது வாங்குகிறவரின் மனத்தைக் கவர்வதற்காக. வணிகப் பேச்சு மரியாதை அற்றதாக இருக்கலாம். ஆனால் அந்தத் திடல் எதற்காக அமைக்கப்பட்டது என்ற உண்மையை மூவரில் அது மட்டுமே மறைக்காமல் சொன்னது.

இம்மூன்று பேச்சுக்கும் அப்பால் ஒரு செயல் நிகழ்ந்தது. விபத்துக்குப் பின் ஓரிரு மணி நேரத்தில் திடலில் சாகசங்கள் மீண்டும் தொடங்கின. அமெரிக்க விமானப்படையின் எஃப்-16 சாகசக் குழுவுக்குத் தலைமை தாங்கிய மேஜர் டெய்லர் ஹீஸ்டர், தம் குழு பறக்காது என்று விலகிக்கொண்டார். திடல் வெறிச்சோடிக் கிடக்கும் என்று எண்ணிச் சென்ற தாம், அறிவிப்பாளர் அதே உற்சாகத்துடன் பேசுவதையும், கூட்டம் அடுத்த நிகழ்ச்சியைக் கண்டு களிப்பதையும் பார்த்துத் திகைத்துப் போனதாக அவர் பின்னர் எழுதினார். இறந்தவர் அவருடைய நாட்டவர் அல்லர்; அவருடைய படையைச் சேர்ந்தவரும் அல்லர். மௌத்து வீட்டு முறை நமக்குத்தான் தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் நாம், அதை அந்நியர் ஒருவரிடம் கண்டோம்.

தொடர்ந்து பறந்தவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. 1952 செப்டம்பர் 6ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில், ஜான் டெர்ரி ஓட்டிய டி ஹாவிலண்ட் 110 விமானம் நடுவானில் சிதறியது. அவரும் உடன் பறந்த டோனி ரிச்சர்ட்ஸும் மாண்டனர். விமானத்தின் எஞ்சின் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் பார்வையாளர் 29 பேர் உயிரிழந்தனர். ஓடுபாதையைச் சுத்தம் செய்தவுடன் நெவில் டியூக் என்ற விமானி தம் ஹன்ட்டர் விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே சென்று, ஒலியின் வேகத்தைக் கடந்து காட்டினார். பிரதமர் சர்ச்சில் அவரைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். போர் முடிந்து ஏழே ஆண்டுகள் ஆகியிருந்த ஒரு நாட்டில், தோழனின் மரணத்துக்குப் பின் மீண்டும் பறப்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை என்று கருதப்பட்டது. துபாயில் தொடர்ந்து பறந்த குழுவினர் சிலரும், இறந்தவரின் நினைவாகவே பறந்ததாகச் சொன்னார்கள். விமானிகளுக்கிடையே அப்படி ஒரு மரபு இருக்கலாம். அதை மதிப்போம்.

ஆனால் மேலே பறப்பவனின் துணிவை, கீழே நிற்பவன் தனக்கு உரிமையாக்கிக்கொள்ள முடியாது. டியூக் தம் உயிரைப் பணயம் வைத்து மரியாதை செலுத்தினார். கீழே நின்றவர் எதைப் பணயம் வைத்தார்? ஆபத்தின் எதிரே போய் நிற்பது வேறு, ஆபத்தைக் கண்டும் வேடிக்கையை விட மனமில்லாமல் இருப்பது வேறு. இரண்டையும் ஒரே "மனவலிமை" என்று அழைப்பது சொல்லுக்குச் செய்யும் அநீதி. ஃபார்ன்பரோவின் உண்மையான மரியாதை பிறகே வந்தது. கூட்டத்தை நோக்கி விமானம் திரும்பிப் பறப்பது தடுக்கப்பட்டது. பார்வையாளருக்கும் பறக்கும் தடத்துக்கும் இடையே தூரம் வரையறுக்கப்பட்டது. பிரிட்டனின் கண்காட்சித் திடல்களில் அதற்குப் பின் பல்லாண்டுகள் பார்வையாளர் உயிர்கள் காக்கப்பட்டதற்கு, பாராட்டுக் கடிதத்தைவிட அந்த விதிகளே காரணம்.

விசாரிப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் ஒரு பாடம். 1988 ஆகஸ்டு 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அங்குள்ள அமெரிக்க விமானத் தளத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் குடும்பம் குடும்பமாகக் கூடியிருந்தனர். இத்தாலிய விமானப்படையின் சாகசக் குழு, புகையால் வானில் ஓர் இதயம் வரைந்து, ஒற்றை விமானத்தால் அதைத் துளைத்துச் செல்லும் காட்சியை நடத்தியது. துளைக்க வந்த விமானம் மற்ற இரண்டோடு மோதிக் கூட்டத்தின் மேல் வந்து விழுந்தது. விமானிகள் மூவர் உள்பட 70 பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் கடுமையாகக் காயமுற்றனர். ஜெர்மானியருக்கும் அமெரிக்கருக்கும் மருத்துவக் கருவிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. தீக்காயம்பட்டோரை ஏற்றிய ஒரு பேருந்து, வழி தெரியாத ஓட்டுநரோடு அலைந்து, பல மணி நேரம் கழித்தே லுட்விக்ஸ்ஹாஃபன் நகர மருத்துவமனையை அடைந்தது.

அங்கேயும் முதலில் எழுந்தது கூச்சல்தான். அந்நியப் படைகள் நம் மண்ணில் ஏன் என்ற பழைய வழக்கு மீண்டும் கிளறப்பட்டது. அரசு இராணுவச் சாகசக் காட்சிகளுக்குத் தடை விதித்தது. அந்தத் தடை மூன்றாண்டுகளில் தளர்ந்தது. கூச்சல் ஓய்ந்த பின்னரே மதிக்கத்தக்க பணி ஒன்று தொடங்கியது. மருத்துவர் ஹார்ட்முட் யாட்ஸ்கோவும் அவர் மனைவி சிபில்லெ யாட்ஸ்கோவும் உயிர் தப்பியவர்களையும் உறவை இழந்தவர்களையும் ஒன்று கூட்டினர். அந்தக் குழு ஆண்டுக்கணக்கில் சந்தித்தது. வெளியே தெரியும் காயத்துக்கு மருந்திட்ட அக்கால வைத்தியம், பேரிடரால் உள்ளத்தில் ஏற்படும் காயத்தைப் பெரிதாக எண்ணவில்லை. அதை எண்ண வைத்தவர்கள் இந்தத் துக்கக்காரர்களே. அவர்கள் செய்தது நம் மௌத்து வீட்டு முறையின் இரண்டாம் பாதி. மற்றவர்கள் மறந்த பிறகும் விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்.

சினம் மட்டும் போதுமா என்று கேட்பவர்களுக்கு உக்ரைனின் லிவீவ் நகரம் விடை சொல்கிறது. 2002 ஜூலை 27ஆம் நாள் அங்குள்ள ஸ்க்னீலிவ் விமானத் தளத்தில் சுகோய்-27 விமானம் கூட்டத்துக்குள் விழுந்து 77 பேரைப் பலிகொண்டது. அவர்களுள் 28 பேர் குழந்தைகள். விமானிகள் இருவரும் வெளியேறி உயிர் தப்பினர். மக்களின் சினத்தை யாரால் குறை கூற முடியும்? 2005இல் இராணுவ நீதிமன்றம் ஒரு விமானிக்கு 14 ஆண்டும் மற்றவருக்கு 8 ஆண்டும் சிறைத்தண்டனை அளித்தது; அதிகாரிகள் சிலரும் தண்டனை பெற்றனர். அந்தத் திடலில் தங்களுக்குப் போதிய ஒத்திகை தரப்படவில்லை என்பது விமானிகளின் முறையீடு. ஓட்டியவர் குற்றவாளி என்பது தீர்ப்பு. ஆனால் மக்களை அவ்வளவு அருகில் நிறுத்தியது ஓட்டியவரின் கை மட்டும்தானா? குற்றவாளியைக் கண்டுபிடித்தவுடன் சினம் உறங்கிவிடுகிறது. விசாரிப்போ உறங்குவதில்லை, குற்றத்துக்கு இடம் கொடுத்த ஏற்பாட்டையும் அது தேடிச் செல்கிறது.

துபாய்க்குத் திரும்புவோம். முதல் மூன்று நாள் நாம் அடங்கியிருந்து, அதன் பிறகு விடாமல் கேட்டிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். முதல் மூன்று நாள் ஓயாமல் பேசினோம். நான்காம் நாள் வேறு செய்திக்குப் போய்விட்டோம். அந்த மூன்று நாளில் எல்லாரும் விமான வல்லுநர் ஆனார்கள். இறந்தவரின் பெயரைப் பிழையின்றிச் சொல்லத் தெரிந்தவர் அடுத்த மாதம் எத்தனை பேர்?

"கேள்வி கேட்பது இறந்தவருக்கு அவமரியாதை" என்று சிலர் சொல்லலாம். உடனே கேட்டால் அவமரியாதைதான். ஒருபோதும் கேட்காவிட்டால் அது அதைவிடப் பெரிய அவமரியாதை. சாகசத்தின் உயரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? சந்தையின் தேவை அந்த முடிவில் எவ்வளவு பங்கு பெறுகிறது? விசாரணையில் கண்டவற்றை, அடுத்து அதே இருக்கையில் அமரப்போகும் இளைஞன் அறிவானா? இவை எந்தக் கட்சியின் கேள்வியும் அல்ல. அந்த இளைஞனின் தாய் கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

எதிர்காலத்தில் வேறு ஒரு வானத்தில் வேறு ஒரு விமானம் விழலாம். அப்படி நேராதிருக்க வேண்டுவோம். நேர்ந்தால், கையிலுள்ள கருவி காட்சியை நமக்குத் தரும். கூடவே அனுப்பு என்றும் தூண்டும். அந்த ஒரு கணத்தில் நாம் நிற்பது வேடிக்கைத் திடலிலா, மௌத்து வீட்டு வாசலிலா என்பதை நாமே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

அன்றிரவு ராத்தாவின் கேள்விக்குப் பின் நான் அந்தக் காட்சியை அழித்தேன். அதற்குள் பதினெட்டுப் பேரில் பலர் அதை வேறு பலருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். என் கையை விட்டுப் போனதை என்னால் திரும்பப் பெற முடியவில்லை.